கோதாவரிக் கரையில் ஒரு திராட்சைத் தோட்டம்

நாசிக் என்றவுடன் நம் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, ரூபாய் நோட்டு அச்சிடும் ஊர் அது. மற்றொன்று, வெங்காய விலை ஏறினாலும் இறங்கினாலும் செய்தித்தாளில் அடிபடும் ஊர். இராமாயணம் அறிந்தோர் பஞ்சவடியையும் சேர்த்துக்கொள்வர். நாம் எழுதப்போவது இம்மூன்றையும் பற்றியன்று. அவ்வூரின் புறத்தே, கோதாவரியின் குறுக்கே கட்டப்பட்ட கங்காப்பூர் அணையின் நீர்ப்பரப்பை நோக்கியவாறு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக நிற்கும் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பற்றியும், அதை நட்ட மனிதரைப் பற்றியுமே எழுத எண்ணுகிறோம்.

அம்மனிதர் ஒயின் செய்பவர். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பர் என்பது நமக்குத் தெரியும். குடும்பப் பத்திரிகையில் மதுவைப் பற்றிய எழுத்தா, அதுவும் ஒரு பங்குத் தந்தையின் கையாலா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேராத குடும்பங்கள் எத்தனை என்பதைப் பங்குப் பதிவேடு சொல்லாது. அடகுக் கடைக்காரரின் ஏடு சொல்லும். அந்தக் கண்ணீரை அறியாதவர் அல்லோம் நாம். அதைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் பேசுவோம்.

இதை எழுதத் தூண்டியது வேறொரு செய்தி. பொங்கல் கழிந்த ஒரு மாலையில் நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் வந்திருந்தார். புள்ளம்பாடி வாய்க்காற் பாசனத்தில் அவருக்கு மூன்று ஏக்கர். நெல்லும் வாழையும் மாறி மாறிப் பார்க்கிற நிலம். பக்கத்து வயல்களில் ஏற்கெனவே மனைக் கற்கள் நடப்பட்டுவிட்டன. மஞ்சள் வண்ணம் பூசிய அக்கற்கள் கதிர்களுக்கு நடுவே நிற்பதை லால்குடி வட்டாரத்தில் இப்போது எங்கும் காணலாம். அவரும் விற்றுவிடத் தீர்மானித்திருந்தார். "மகன் பெங்களூரில கம்பியூட்டர் வேலை பாக்குறான், சாமி. வயல்ல கால் வைக்க மாட்டான். நான் கண்ண மூடுறதுக்கு முன்னாடி வித்துக் கொடுத்துட்டா அவனுக்கும் நிம்மதி" என்றார். அப்போதுதான் நமக்கு நாசிக்கின் நினைவு வந்தது. அங்கேயும் ஒரு தந்தை நிலத்தை விற்கவிருந்தார். அங்கேயும் மகன் கம்பியூட்டர் நிறுவனத்து உத்தியோகஸ்தன்தான்.

அந்த மகனின் பெயர் இராஜீவ் சாமந்த். பம்பாயில் வளர்ந்தவர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பொறியியலும் கற்று, ஆரக்கிள் என்னும் பெரிய கம்பியூட்டர் நிறுவனத்தில் உயர்ந்த வேலையில் அமர்ந்தார். அத்தகைய வேலை கிடைத்தால் நம் ஊரில் வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். அவரோ 1990-களின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டுத் தாய்நாடு திரும்பினார். குடும்பத்துக்கு நாசிக் அருகே இருபது முப்பது ஏக்கர் நிலம் இருந்தது. மின்சாரமோ நல்ல சாலையோ இல்லாத புல்வெளி. தந்தை விற்க எண்ணியிருந்த அந்நிலத்தை மகன் ஒருமுறை பார்க்கப் போனார். பார்த்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

முதலில் அவர் ஒயினை நினைக்கவேயில்லை. அல்போன்சா மாமரம் வைத்தார். ரோஜா வளர்த்தார். தேக்கு நட்டார். அதன் பிறகு ஊரார் எல்லாரும் செய்வதுபோல் உண்ணும் திராட்சையும் பயிரிட்டார். நாசிக் வட்டாரம் விதையில்லாப் பச்சைத் திராட்சைக்குப் பேர்போனது. சந்தையில் 'தாம்சன்' என்பார்களே, அது. இவை எவற்றிலும் அவருக்குப் பெரிய வெற்றி கிட்டவில்லை என்பதை நாம் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். படித்தவன் மண்ணில் இறங்கினால் மறுநாளே பொன் விளையும் என்று எண்ணுவோர் உண்டு. மண்ணுக்குப் பட்டச் சான்றிதழ் வாசிக்கத் தெரியாது.

திராட்சை இவ்வளவு செழித்து வளரும் ஊரில் ஒயினுக்கென உள்ள திராட்சையை ஏன் ஒருவரும் வைக்கவில்லை என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. மீண்டும் கலிபோர்னியா சென்று, சொனோமா என்னும் பகுதியில் ஒயின் செய்து பழகிய கெரி டாம்ஸ்கி என்பவரைத் தேடிப் பிடித்து, நாசிக்குக்கு அழைத்து வந்தார். 1997-இல் 'சோவினியோன் பிளாங்', 'செனின் பிளாங்' என்னும் இரு பிரெஞ்சு இனக் கொடிகள் நடப்பட்டன. அவ்வட்டாரத்து உழவர்கள் கண்டிராத கொடிகள் அவை.

ஒயின் செய்யும் நாடுகள் பெரும்பாலும் பூமத்திய ரேகையிலிருந்து 30 முதல் 50 பாகை வரையுள்ள குளிர்ப் பிரதேசங்களில் இருக்கின்றன. நாசிக்கோ 20 பாகையில் உள்ளது. ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் விழிக்கும், செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. நம் நாட்டில் கொடிக்கு உறக்கமே கிடையாது. கவாத்துச் செய்துதான் அதற்குக் காலத்தை உணர்த்த வேண்டும். ஆகவே இங்கே ஆண்டுக்கு இருமுறை கத்தரி வைக்கிறார்கள். அறுவடை முடிந்த ஏப்ரலில் ஒரு கவாத்து. அது கிளை முற்றி, காய்க்கும் மொட்டு அதற்குள் உருவாவதற்கு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, அது பழத்துக்கு. பிறகு குளிர்மாதங்களின் பகல் வெயிலில் பழத்தில் இனிப்பு ஏறுகிறது; தக்காணத்துக் குளிர்ந்த இரவுகள் அதன் புளிப்பைக் காத்து வைக்கின்றன. கோடை முற்றுமுன், சனவரி முதல் மார்ச்சுக்குள் பறித்துவிட வேண்டும். ஐரோப்பாவில் கொடிகள் பனியில் உறங்கும் மாதத்தில் நாசிக்கில் கூடை நிரம்புகிறது. கனி தரும் கொடியைத் தந்தை கழித்துவிடுகிறார் என்று யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோம். ஆண்டுக்கு இருமுறை கழிக்கப்படும் கொடியைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நமக்கு இதுவரை தோன்றியதில்லை!

உழவர்களை இணங்க வைப்பது இதனினும் கடினமாயிருந்திருக்கும். சந்தைக்குப் போகும் திராட்சைக்கு எடைதான் கணக்கு. குலை பெரிதாக வேண்டும், பழம் பருக்க வேண்டும், தோல் மெலிய வேண்டும், விதை கூடாது. ஒயினுக்குரிய பழம் இதற்கு நேர்மாறு. சிறிய பழம், தடித்த தோல், உள்ளே விதை. கொடியில் காய்ப்பு மிகுந்தால் சாறு நீர்த்துப் போகும் என்பதால் காய்ப்பைத் தாமே குறைத்துக்கொள்ள வேண்டும். விளைச்சலைக் குறை என்று ஒரு விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உங்கள் மூளையைச் சந்தேகிப்பார். எடைக்கு மட்டுமன்றிச் சர்க்கரை அளவுக்கும் தரத்துக்கும் விலை வைத்து, பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த பின்னரே அக்கம்பக்கத்து உழவர்கள் இக்கொடிக்கு மாறினர். பருவந்தப்பிப் பெய்யும் ஒரே மழையில் பழம் வெடித்து, வியாபாரி கைவிரித்துப்போன அனுபவம் உள்ளவர்களுக்கு, விலை முன்கூட்டியே தெரிந்திருப்பது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நம் வாழை விவசாயிகள் அறிவர். இன்று இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டங்கள் இவ்விதம் அந்நிறுவனத்துக்குப் பழம் தருகின்றன.

பழம் முற்ற மூன்றாண்டு. அரசாங்க அனுமதி பெறவும் ஏறத்தாழ அத்தனை அலைச்சல். சாராயத்துக்கும் ஒயினுக்கும் சட்டத்தின் கண்ணில் வேற்றுமை இல்லாதிருந்த காலம் அது. ஒருவாறாக 2000-ஆம் ஆண்டில் முதல் புட்டிகள் வெளிவந்தன. சில ஆயிரம் பெட்டிகளே. தாயாரின் பெயர் சுலபா. அப்பெயரின் முற்பகுதியை எடுத்து 'சுலா' என்று தம் தோட்டத்துக்குப் பெயரிட்டார். தமிழில் சுலபம் என்றால் எளிது என்று பொருள். அத்தொடக்கத்தில் எளிதாயிருந்தது பெயர் ஒன்றுதான் போலும்.

இந்தியாவில் ஒயின் செய்த முதல் மனிதர் அவரல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1980-களிலேயே புனேக்கு வடக்கே நாராயண்காவில் சியாம்ராவ் சௌகுலே என்பவர், பிரெஞ்சு ஷாம்பேன் நிறுவனத்தாரின் தொழில்நுட்ப உதவியுடன் நுரைக்கும் ஒயின் செய்து, உமர் கய்யாமின் பெயரிட்டு மேனாடுகளுக்கு அனுப்பினார். பெங்களூருக்கு அருகே நந்திமலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் என்னும் வணிகர் மற்றோர் அதிசயம் புரிந்தார். இயந்திர இறக்குமதி நிமித்தம் அடிக்கடி பிரான்சு சென்று வந்தவர் அவர். ஓய்வை நாடும் வயதில், ஷாம்பேன் நாட்டு நிபுணர் ஜார்ஜ் வெசெல் என்பாரின் துணையோடு, முப்பத்தைந்து பிரெஞ்சு இனங்களை இந்திய மண்ணில் பல்லாண்டு சோதித்துப் பார்த்தார். சுற்றிலும் எல்லாரும் 'பெங்களூர் புளூ' என்னும் கருநீலத் திராட்சை வளர்த்துவந்த ஊரில், 1988-இல் பிரெஞ்சுக் கொடி நட்டு, 1992-இல் முதல் ஒயினைக் கண்டார். 2011-இல் அவர் காலமானார். அவருடைய பொறுமையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

ஆயின் அவ்விருவரும் பிரான்சைப் பார்த்து இந்தியாவில் செய்தார்கள். சாமந்த் பிரான்சு போலத் தோன்ற முயலவேயில்லை. புட்டியின் மேல் கோட்டையோ பிரபுவின் முத்திரையோ இல்லை. முறுக்கு மீசை வைத்த ஒரு சூரியன் சிரிக்கிறது. மேனாட்டார் மரத்தக்கையைப் புனிதப் பொருளாக எண்ணிக்கொண்டிருந்தபோது, தக்கை வெப்ப நாட்டில் உலர்ந்து காற்றை விட்டுவிடும் என்று கண்டு, நம் மருந்துப் புட்டிபோல் திருகு மூடி போட்டார். நிலவறைப் பீப்பாய்க்குப் பதில், குளிர்நீர் சுற்றி ஓடும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள். வெள்ளை ஒயினின் சாறு வெப்பத்தில் பொங்கிப் புளித்தால் பழத்தின் மணம் பறந்துவிடும். குளிரில் மெல்லப் புளித்தால் தங்கும். நாசிக்கின் வெயிலில் பீப்பாயை நம்பியிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது காடிதான்.

2005-இல் தோட்டத்தையே மக்களுக்குத் திறந்துவிட்டார். வருவோர் கொடிகளுக்கிடையே நடந்து, பழம் பிழிவதைக் கண்டு, சிறு கிண்ணத்தில் சுவைத்துப் பார்க்கலாம். மறைந்து குடிக்கும் பழக்கமுள்ள நாட்டில் வெயிலில் உட்கார்ந்து, உணவோடு, பேசிக்கொண்டு அருந்தும் வழக்கத்தைக் கொண்டுவர விரும்பினார் என்று அவரை ஆதரிப்போர் சொல்வர். அது விற்பனைத் தந்திரம் என்று மறுப்போர் சொல்வர். இரண்டுமே உண்மை என்பது நம் எண்ணம். 2008 முதல் அங்கே ஆண்டுதோறும் ஓர் இசைவிழாவும் நடத்தத் தொடங்கினார்; அதன் பாட்டுகள் நம் வயதுக்கு உகந்தவையல்ல.

அரசின் போக்கும் மாறியது. 2001-இல் மராட்டிய மாநிலம் திராட்சையைப் பதப்படுத்தும் தொழிலுக்கென ஒரு கொள்கை வகுத்து, உள்ளூர்ப் பழத்தில் செய்யும் ஒயினுக்குக் கலால் வரியை நீக்கியது. வின்சூர், பலூஸ் என்னும் இடங்களில் ஒயின் தொழிலுக்கெனத் தனிப் பேட்டைகள் எழுந்தன. பலரும் இத்துறையில் குதித்தனர். வங்கிகள் கடன் தந்தன. விவசாயிகள் சந்தைத் திராட்சையைப் பிடுங்கிவிட்டு ஒயின் திராட்சை வைத்தனர். அந்நேரத்தில்தான் 2008 வந்தது. உலகப் பொருளாதார நெருக்கடி ஒருபுறம். நவம்பரில் பம்பாய் ஓட்டல்களைப் பயங்கரவாதிகள் தாக்கிய கொடுமை மறுபுறம். சுற்றுலாப் பயணிகள் வரவில்லை, ஒயின் விற்கவில்லை, தொட்டிகளில் பழைய சரக்கு தேங்கியது. ஆலைகள் பல மூடின. சௌகுலே தொடங்கிய நிறுவனமே கடனில் மூழ்கி வீழ்ந்தது. வாங்குவோர் இல்லாத கொடிகளை உழவர்கள் தம் கையாலேயே வேரோடு பிடுங்கி எறிந்தனர். சுலா தப்பியது; மற்றவர் பலர் தப்பவில்லை. சாமந்தின் கதையைச் சொல்வோர் இந்தப் பக்கத்தைப் புரட்டி விரைந்து போய்விடுகின்றனர். கொடி நட்ட நாள் முதல் வட்டி கட்டி, மூன்றாண்டு காத்து, காய்த்த ஆண்டில் கொடியைப் பிடுங்கியவனுக்கு எந்தப் பத்திரிகையிலும் படம் வருவதில்லை.

2022 டிசம்பரில் சுலா நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டுப் பங்குச் சந்தைக்கு வந்தன. இந்தியாவில் செய்து விற்பனையாகும் திராட்சை ஒயினில் ஏறத்தாழப் பாதி அப்போது அந்நிறுவனத்தினுடையதாயிருந்தது. தந்தை விற்கவிருந்த புல்வெளியில் தொடங்கியது இவ்வளவு தூரம் வந்தது.

முன்னர் தள்ளிவைத்த கேள்விக்கு இப்போது வருவோம். அதே 2022-ஆம் ஆண்டு சனவரியில் மராட்டிய அரசு, பெரிய பலசரக்குக் கடைகளில் ஒயினை விற்கலாம் என்று முடிவெடுத்தது. பழ விவசாயிக்கு நன்மை என்றது அரசு. அண்ணா அசாரே முதலானோர் வெகுண்டெழுந்தனர். உண்ணாவிரதம் இருப்பேன் என்றார் அப்பெரியவர். எதிர்ப்பு வலுத்ததால் அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. இதில் நமது நெஞ்சம் அண்ணா அசாரேயின் பக்கமே சாய்கிறது. ஒயினில் சாராயச் சத்து நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு. நம் ஊர்க் கடையில் விற்கும் பிராந்தியில் நாற்பத்திரண்டுக்கு மேல். வேற்றுமை பெரிதுதான். ஆயினும் அரிசி பருப்பு வாங்கும் இடத்தில் அதையும் அடுக்கிவைத்தால், கைநீட்டி எடுப்பது யார் என்று அரசு கேட்டிருக்க வேண்டாமா? 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திய நாள் முதல் நம் மாநிலம் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2003 முதல் கடையையும் அரசே நடத்துகிறது.

ஆனால் திராட்சைக் கொடியையே வெறுக்க நமக்கு உரிமையில்லை. விவிலியம் இரண்டையும் மறைக்காமல் சொல்கிறது. முதன்முதல் திராட்சை நட்ட நோவா குடித்து மயங்கிக் கூடாரத்தில் கிடந்தார். கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினார். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதி, திருப்பலிக்குரிய இரசம் திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாக உண்டானதாயும் கெட்டுப்போகாததாயும் இருக்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. மாம்பழச் சாறோ பேரீச்சைச் சாறோ ஆகாது. ஆகவே மறைபரப்புக் குருக்கள் சென்ற நாடெங்கும் கொடியையும் சுமந்து சென்றனர். கலிபோர்னியாவுக்குத் திராட்சையைக் கொண்டுபோனவர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர். சாமந்தின் குருவான டாம்ஸ்கி அந்தக் கலிபோர்னியாவில் தொழில் பழகியவர்தாம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சையை 1832-இல் அறிமுகம் செய்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்பது அவ்வட்டாரத்தில் வழங்கும் வரலாறு. 2023-இல் அப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இராயப்பன்பட்டிப் பக்கம் போனவர்கள், கோவில் கோபுரத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் பந்தல் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாசிக்கில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்திலோ குளிரும் வெயிலும் அளவோடு இருப்பதால் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் பழம் இருக்கும்.

இவற்றையெல்லாம் அம்மூன்று ஏக்கர்க்காரரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். ஒயின் பற்றிய பகுதி அவர் காதில் விழவேயில்லை என்று தோன்றுகிறது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய மகன் முதலில் வைத்த மாமரமும் ரோஜாவும் என்னவாயின என்று இருமுறை கேட்டார். பிறகு, "அந்தக் கொடி நம்ம மண்ணுக்கு வருமா, சாமி?" என்றார்.

வராது என்றே சொன்னோம். திராட்சையின் வேருக்கு நீர் வடியும் மண் வேண்டும். கொள்ளிடக் கரையின் வண்டலும் களியும் நீரைப் பிடித்து நிறுத்தும்; அதனால்தான் நெல் விளைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடி அழுகிவிடும்.

"அது எனக்கே தெரியும். சும்மா கேட்டேன்" என்று சிரித்தார் அவர். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "பையன் பாஸ்காவுக்கு லீவுல வர்றான். நான் கூப்பிட்டா வயலுக்கு வரமாட்டான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்திரப் பதிவ அது வரைக்கும் தள்ளி வச்சிருக்கேன்" என்றார்.